தோப்புக் கொட்டகைக்கு கரண்ட்: தென்னை மரத்தில் ஒயர் கட்டலாமா?

கேள்வி: உச்சிப்புளிக்குப் பக்கத்தில், கடலுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் எங்கள் வீடு. பின்னால் தென்னந்தோப்பு. தோப்பின் கடைசியில், வீட்டிலிருந்து ஐம்பது மீட்டர் தள்ளி, வலை போட்டு வைக்கத் தகரக் கொட்டகை கட்டியிருக்கிறோம். அங்கே இரண்டு டியூப் லைட், ஒரு ஃபேன், மீனுக்கு ஒரு பெட்டி ஃப்ரீசர், கட்டிங் மெஷின் செருக ஒரு பிளக் வேண்டும். பின்னால் பக்கத்துக் கிணற்றில் ஒரு ஹெச்.பி. மோட்டார் வைக்கும் எண்ணமும் உண்டு. வயரிங் செய்கிற தம்பி, தென்னை மரங்களில் சர்வீஸ் ஒயரைக் கட்டி இழுத்துவிடலாம் என்கிறார். அடுத்த தோப்பில் அண்ணன் பெயரில் இருக்கும் விவசாய இணைப்பிலிருந்து எடுத்தால் இன்னும் பக்கம் என்றும் சொல்கிறார். மழைக் காலத்தில் வீட்டு ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, அதை எடுத்துவிடலாமா?
- வாசகர், உச்சிப்புளி

பதில்:

நீங்கள் கேட்ட மூன்றுக்குமே பதில் வேண்டாம் என்பதுதான். தென்னை மரத்தில் ஒயர் வேண்டாம், விவசாய இணைப்பு வேண்டாம், கசிவு வந்தால் கரண்டை அறுக்கும் ஆர்.சி.சி.பி.யை எடுக்கவே வேண்டாம். கொட்டகைக்குக் கரண்ட் தாராளமாகக் கொண்டுபோகலாம். ஆனால் உங்கள் ஊர் மண்ணிலும் காற்றிலும் செலவை எதில் போடுவது என்பதில் தெளிவு வேண்டும். பெரும்பாலோர் நல்ல ஒயர், நல்ல சுவிட்ச் என்று வாங்கிவிட்டு எர்த்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். கடற்கரையில் ஆளைக் கொல்வது அந்த மிச்சம்தான்.

முதலில் மரம். தென்னை காற்றுக்கு ஆடும்; கட்டிய இடத்தில் ஒயர் தோல் தேயும். வெயிலில் வெளிறிய பி.வி.சி. இரண்டு மூன்று கோடையில் வெடிக்கும். அதற்கு மேல் ஒரு காய்ந்த மட்டை விழுந்தால் போதும், ஒயர் அறுந்து ஈர மணலில் கிடக்கும். அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் அறுக்கும் சுவிட்சான எம்.சி.பி. விழாது, விளக்கு அணைந்ததை வைத்துத்தான் தெரியும், பார்க்கப் போகிறவர் இருட்டில் போவார். கம்பி வேலியிலோ துணி காயப்போடும் ஜி.ஐ. கம்பியிலோ ஒயரைச் சேர்த்துக் கட்டுவது இதைவிட மோசம். தோல் கிழிந்த ஒரே இடத்தில் முழு வேலியும் கரண்ட் ஏறி நிற்கும். ஆடு முதலில் சாகும், அடுத்தது ஆடு பிடிக்கப் போனவர்.

விவசாய இணைப்பு விவசாயப் பம்புசெட்டுக்கு மட்டும் தரப்பட்ட இலவச மின்சாரம். அதில் ஃப்ரீசர் ஓட்டினால் மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 126-ன் கீழ் அது முறைகேடான பயன்பாடு. பொருந்தக்கூடிய கட்டணத்தைப் போல் இரண்டு மடங்கு கணக்கிடுவார்கள். எப்போது தொடங்கியது என்று நிறுவ முடியாவிட்டால் 12 மாதத்துக்கும் சேர்த்து. இணைப்பு அண்ணன் பெயரில் இருப்பதால் நோட்டீஸும் அவருக்குத்தான் போகும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஃப்ரீசருக்குள் ஒரு பேஸ் ஒயர் தேய்ந்து அதன் தகர உடம்பைத் தொட்டுவிட்டது என்று வையுங்கள். கொட்டகை எர்த்தின் மின்தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மணலில் இறக்கிய ஒற்றைக் குழாய்க்கு இது நல்ல அளவு என்றே பலர் சொல்வார்கள். 230 வோல்ட்டை 10-ஆல் வகுத்தால் மண்ணில் பாயக்கூடியது அதிகபட்சம் 23 ஆம்பியர். அந்தப் பிளக்குக்கு நீங்கள் போட்டிருப்பது 16 ஆம்பியர், சி வகை எம்.சி.பி. அது சட்டென்று விழ 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 23 ஆம்பியர் என்பது ஒன்றரை மடங்குகூட இல்லை; அந்த அளவில் ஒரு மணி நேரம் வரை விழாமல் நிற்கலாம். அதுவரை ஃப்ரீசர் ஓடிக்கொண்டே இருக்கும், உள்ளே மீன் உறைந்துகொண்டே இருக்கும், மூடியைத் தொடுகிறவர் கடல் தண்ணீர் சொட்டும் காலோடு வருவார்.

எம்.சி.பி. ஒயரைக் காப்பாற்றுகிற கருவி. ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. போன பேஸ் கரண்டும் திரும்பிய நியூட்ரல் கரண்டும் சமமா என்று அது பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அறுத்துவிடும். ‘ஆர்.சி.சி.பி. இருக்கிறது, எர்த் எதற்கு’ என்று சிலர் கேட்பார்கள். எர்த் இல்லையென்றால் கசிந்த கரண்டுக்குப் போக வழி கிடையாது. ஒரு மனிதர் தொட்டு, அவர் உடம்பு வழியாகப் பாய்ந்த பிறகுதான் அது விழும். எர்த் இருந்தால் ஃப்ரீசர் பழுதான நொடியிலேயே, யாரும் தொடும் முன்பே விழுந்துவிடும். இரண்டும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

கேபிளுக்கு வருகிறேன். உங்கள் பளுவைக் கூட்டினால் லைட்டுக்கு 40 வாட், ஃபேனுக்கு 75, ஃப்ரீசருக்கு ஓடும்போது சுமார் 200, கட்டிங் மெஷினுக்கு 750, மோட்டாருக்கு 1,100 என்று மொத்தம் 2.2 கிலோவாட் சுற்றி வரும். ஓட்டத்தில் 10 ஆம்பியர்தான். பிரச்சினை ஓட்டத்தில் இல்லை, எடுக்கும்போது. ஒரு ஹெச்.பி. மோட்டார் கிளம்பும் அந்தச் சில நொடியில் 35 ஆம்பியர் வரை இழுக்கும். தரையில் ஐம்பது மீட்டர் என்றாலும் இரண்டு பக்கமும் ஏற்ற இறக்கம் சேர்த்து கேபிள் 58 மீட்டர் வரும். போய்வருகிற செம்பு 116 மீட்டர். 2.5 சதுர மி.மீ. ஒயரில் மோட்டார் எடுக்கும்போது 30 வோல்ட் வழியிலேயே போய்விடும். 4-இல் 19 வோல்ட், 6-இல் 12 அல்லது 13 வோல்ட். சாயங்காலம் ஊரில் வோல்டேஜ் 200-க்கு இறங்கியிருக்கும் நேரத்தில் 2.5-ஐ நம்பினால் கொட்டகைக்கு 170 மிஞ்சும். மோட்டார் முனகிக்கொண்டு நிற்கும், ஃப்ரீசர் கம்ப்ரசர் எடுக்காமல் சூடாகி எரியும்.

மோட்டார் வைக்கப்போவது நிச்சயமானால் 6 சதுர மி.மீ., இல்லையென்றால் 4. மூன்று கோர், செம்பு, எக்ஸ்.எல்.பி.இ. உறையிட்டு இரும்புக் கம்பி சுற்றிய ஆர்மர்டு கேபிள், மேலே ஐ.எஸ். 7098 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து 60 மீட்டர் ஒரே துண்டாக வாங்குங்கள். அலுமினியம் விலை குறைவு. ஆனால் உப்புக் காற்றில் அலுமினிய நுனி வெள்ளையாகப் பூத்து, திருகு தளர்ந்து, சூடேறி எரியும். செம்போடு நேராக முறுக்கினால் இன்னும் சீக்கிரம். கடையில் வெட்டித் தரும்போதே இரண்டு நுனியையும் டேப் சுற்றி மூடிக் கொண்டுவாருங்கள். திறந்த நுனியோடு ஒரு வாரம் வெளியில் கிடந்தால் கேபிள் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பி.வி.சி. குழாய்க்குள் சாதாரண ஒயரைப் போட்டுப் புதைக்கிறவர்களும் உண்டு. தென்னைக்குப் பாத்தி வெட்டுகிற மண்வெட்டிக்கும் பெருச்சாளிக்கும் அது தாங்காது. தண்ணீர் புகுந்தால் வெளியேறவும் வழியில்லை.

பள்ளம் 75 செ.மீ. ஆழம், ஒரு அடி அகலம். ஐ.எஸ். 1255 சொல்லும் ஆழமும் இதுதான். உங்கள் மணல் சரியும், அதனால் ஐம்பது மீட்டரையும் ஒரே நாளில் வெட்டித் திறந்துபோடாமல், கரையைச் சாய்வாக விட்டுப் பத்துப் பத்து மீட்டராகப் போங்கள். மாசி, பங்குனி நல்ல நேரம். வைகாசிக்கு மேல் கச்சான் காற்று மணலை அள்ளிக்கொண்டு வந்து பள்ளத்தை மூடும்; ஐப்பசியில் வாடை மழை தண்ணீரை நிறுத்தும். தென்னையின் வேர்ப் பகுதி பெரும்பாலும் அடிமரத்திலிருந்து 2 மீட்டருக்குள்தான் இருக்கும். அந்த வட்டத்துக்கு வெளியே, இரண்டு வரிசைக்கு நடுவில் தடம் போட்டால் மரத்துக்கும் கேடில்லை, பாத்தி வெட்டும்போது கேபிளுக்கும் கேடில்லை.

அடியில் 8 செ.மீ. சலித்த மணல், அதன்மேல் கேபிள், மறுபடி 8 செ.மீ. சலித்த மணல். சலிப்பதை விட்டுவிடாதீர்கள். அந்தக் கரையில் மணலோடு சிப்பியும் உடைந்த பவளக்கல்லும் கலந்திருக்கும்; கேபிளை இழுக்கும்போது ஒரு சிப்பி விளிம்பு மேல்தோலில் நகக்கீறல் அளவு கிழித்தால் போதும். அந்தக் கீறல் வழியாக உப்புத்தண்ணீர் உள்ளே போய் ஆர்மர் கம்பியைத் தின்னும். அதனால் கேபிளை மண்ணில் தரதரவென்று இழுக்காமல், நாலைந்து பேர் தோளில் சுமந்து பள்ளத்தில் இறக்குங்கள். திருப்பங்களில் கேபிள் தடிமனைப் போல் 12 மடங்கு ஆரமாவது வேண்டும்; இந்த அளவுக் கேபிளுக்கு ஒரு சாண் வளைவு வரும். மணலுக்கு மேல் செங்கல்லைக் குறுக்காக அடுக்குங்கள், ஐம்பது மீட்டருக்குச் சுமார் 450 கல். தரைக்கு ஒரு அடி கீழே மஞ்சள் எச்சரிக்கை டேப் விரித்து மூடுங்கள். மண்ணுக்குள் ஒட்டுப்போடவே கூடாது.

மூடுவதற்கு முன்பு, கேபிள் உறையின் மின்தடையை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் ஒரு நிமிடம், பேஸ்-நியூட்ரல், பேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த், கோர்-ஆர்மர் எல்லாம் தனித்தனியாக. குறைந்தபட்சம் 1 மெகா ஓம் என்பது வயரிங்குக்கான பொது எல்லை. புதுக் கேபிள் 100-க்கு மேல் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் கிழிசல் இருக்கிறது, பள்ளம் திறந்திருக்கும்போதே தேடுங்கள்.

இரண்டு நுனியிலும் கேபிளைப் பெட்டியோடு இறுக்கிப் பிடிக்கும் பித்தளை டபுள் கம்ப்ரஷன் கிளாண்டு, மேலே பி.வி.சி. உறை. பெட்டிக்குள் கேபிள் கீழ்ப்பக்கமாகத்தான் நுழைய வேண்டும். மேலிருந்து இறக்கினால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். ஒயர் நுனியில் மாட்டும் லக் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும், கிரிம்பிங் டூலால் அமுக்கியதாக இருக்கட்டும். கொறடால் நசுக்கியது ஒரு மழைக்குத்தான் வரும். ஒயர் நுனியைச் சீவும்போது செம்பு பளபளக்காமல் கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால், நல்ல செம்பு வரும் இடம்வரை வெட்டிவிட்டு லக் போடுங்கள்.

எர்த்துக்குச் செலவு செய்யுங்கள் என்று ஆரம்பத்தில் சொன்னேன். உங்கள் மண்ணில் மேலே ஒன்றிரண்டு அடி காய்ந்த மணல், அது கரண்டை விடாது. கீழே ஈரம் படிந்த உப்பு மணல், அது நன்றாக விடும். ஆகவே எர்த் கம்பி எப்போதும் ஈரம் இருக்கும் ஆழத்துக்கு இறங்க வேண்டும். வழக்கமான 2.5 மீட்டர் ஜி.ஐ. குழாய் முதல் வருடம் அருமையாக அளவு காட்டும். பிறகு உப்பு அதன் துத்தநாகப் பூச்சைத் தின்று, தரை மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயையே அறுத்துவிடும். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. 17 மி.மீ. தடிமன், 3 மீட்டர் நீளம், 250 மைக்ரான் செம்புப் பூச்சுள்ள கம்பி இரண்டு வாங்குங்கள். கொட்டகைச் சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஒன்று, அதிலிருந்து 3 மீட்டர் தள்ளி இன்னொன்று. பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் இரண்டும் ஒன்றின் வேலையைத்தான் செய்யும். குழிக்குள் உப்பும் கரியும் கொட்டும் பழக்கம் உள்நாட்டுக் காய்ந்த மண்ணுக்கு வந்தது. உங்கள் மண்ணில் உப்புக்குக் குறைவே இல்லை, இன்னும் போட்டால் கம்பிதான் சீக்கிரம் போகும். ஈரம் பிடித்து வைக்கும் பெண்டோனைட் களிமண் போதும். கம்பியிலிருந்து பெட்டிக்கு 10 சதுர மி.மீ. பச்சை உறையிட்ட செம்பு ஒயர். கிளாம்பை இறுக்கிய பிறகு அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவி, திறந்து பார்க்கிற மாதிரிச் சிறு தொட்டி கட்டி மூடுங்கள்.

அளவை எர்த் டெஸ்டரால், ஆனி மாதக் காய்ச்சலில் எடுங்கள். மழை பெய்த மறுநாள் எடுத்த அளவு உங்களை ஏமாற்றும். 5 ஓமுக்குக் கீழ் வந்தால் நல்லது. கேபிளின் மூன்றாவது கோரும் ஆர்மரும் வீட்டு எர்த்தோடும் இந்தக் கம்பிகளோடும் சேர்ந்தே இருக்கட்டும். இன்னொன்றையும் இதில் சேர்க்க வேண்டும்: உங்கள் தகரக் கூரையும் இரும்புத் தூண்களும். கூரைக்கு அடியில் ஓடும் ஒயரை ஒரு திருகாணி குத்திவிட்டால் கொட்டகை முழுவதும் கரண்டாகிவிடும். தூணுக்கு ஒரு லக், அங்கிருந்து எர்த் பட்டைக்கு ஒரு ஒயர். வயரிங்கைத் தகரத்தில் ஒட்டாமல், மரச் சட்டத்தில் பி.வி.சி. குழாய்க்குள் கொண்டுபோங்கள்.

பேஸ் மட்டும் கொண்டுபோய் எர்த்தையே நியூட்ரலாக வைத்து விளக்கு எரிய வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எர்த் கம்பி ஒருநாள் அறுந்தால், அதில் மாட்டிய எல்லாக் கருவிகளின் உடம்பும் கரண்டாகும். அப்படிச் செய்து தருகிறேன் என்பவரை வேலைக்கு விடாதீர்கள்.

கொட்டகையில் தகரப் பெட்டி வேண்டாம். மண்டபம் ஊரில் உலோகங்களை வெட்டவெளியில் வைத்துத் துருவைச் சோதிக்கும் தளத்தையே காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. உங்கள் காற்று அந்த வகை. தூசியும் தண்ணீரும் புகாத ஐ.பி. 65 தரமுள்ள பாலிகார்பனேட் பெட்டி, உள்சுவரில், கடலைப் பார்க்காத பக்கம், தோள் உயரத்தில். பயன்படுத்தாத ஓட்டைகளை அடைத்துவிடுங்கள்; பல்லியும் எறும்பும் உள்ளே போனால் ஷார்ட் ஆகும். உள்ளே, கொட்டகை முழுவதையும் அணைக்க 40 ஆம்பியர் இரட்டை முனை ஐசொலேட்டர் ஒன்று. ஃப்ரீசருக்குத் தனியாக ஒரு 16 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.பி.ஓ., அதாவது எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் சேர்ந்த ஒரே கருவி. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; அதன் கீழ் லைட்-ஃபேனுக்கு 6, பிளக்குக்கு 16, மோட்டாருக்கு 20 ஆம்பியர் எம்.சி.பி. ஃப்ரீசரைப் பிரிப்பது ஏன் என்றால், கட்டிங் மெஷினில் ஈரம் இறங்கி ராத்திரி ஆர்.சி.சி.பி. விழுந்தால் காலைக்குள் மீன் கெட்டுவிடும். இந்த இரண்டு கருவிகளுக்கும் பிறகு வரும் நியூட்ரல்களை ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. கலந்தால் பளு ஏறியதும் இரண்டும் மாறி மாறி விழும், காரணமே தெரியாது.

வீட்டு முனையில், மெயின் சுவிட்சுக்குப் பிறகு, வீட்டு ஆர்.சி.சி.பி.க்கு முன்பு கொட்டகைக்குத் தனி வழி எடுக்க வேண்டும். 4 சதுர மி.மீ. கேபிளுக்கு 25, 6-க்கு 32 ஆம்பியர் இரட்டை முனை எம்.சி.பி.; கூடவே 300 மில்லி ஆம்பியர், எஸ் வகை, அதாவது சற்றுத் தாமதித்து விழும் ஆர்.சி.சி.பி. கேபிளிலேயே கசிவு வந்தால் இது அறுக்கும். கொட்டகைக்குள் கசிந்தால் அங்கே இருக்கும் 30 மில்லி ஆம்பியர் கருவி முந்திக்கொள்ளும், வீட்டில் விளக்கு அணையாது.

வீட்டு ஆர்.சி.சி.பி. மழையில் விழுகிறது என்றால் அது தன் வேலையைச் செய்கிறது. எங்கோ ஈரம் ஏறுகிறது. எல்லாப் பிளக்கையும் உருவுங்கள், எல்லா எம்.சி.பி.யையும் இறக்குங்கள், ஆர்.சி.சி.பி.யை ஏற்றி, எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ கசிவு அந்த வழியில். எல்லா எம்.சி.பி.யும் இறங்கியிருந்தும் விழுந்தால் குழம்ப வேண்டாம். ஒற்றை முனை எம்.சி.பி. பேஸை மட்டும்தான் அறுக்கும். எங்கோ நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது என்று அர்த்தம். எலக்ட்ரீஷியன் நியூட்ரல் பட்டையிலிருந்து ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடிப்பார். வெளிக்கேட் விளக்கு, மாடித் தொட்டி மோட்டார், குளியலறை கீசர், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

வேலை செய்கிறவரிடம் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாளர் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். மோட்டாரும் ஃப்ரீசரும் சேரும்போது அனுமதித்த பளுவைத் தாண்டினால், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்து வாங்கிக்கொள்ளுங்கள். கொட்டகை வீட்டு எல்லைக்குள், வீட்டு உபயோகத்துக்கு இருக்கும்வரை வீட்டு இணைப்பிலேயே ஓட்டலாம். மீன் வாங்கி வைத்து விற்கவோ கூலிக்கு வேலை செய்யவோ ஆரம்பித்தால் வீட்டுக் கட்டணம் பொருந்தாது, தனி இணைப்பு கேட்க வேண்டும்.

மாதம் ஒருமுறை வீட்டிலும் கொட்டகையிலும் உள்ள எல்லா ஆர்.சி.சி.பி.யிலும் ஆர்.சி.பி.ஓ.விலும் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள். உப்புக் காற்றில் உள்ளிருக்கும் விசை ஒட்டிக்கொள்ளும். அழுத்தியும் விழாத ஆர்.சி.சி.பி.யை அன்றே மாற்ற வேண்டும். புரட்டாசியில், மழைக்கு முன்பு, எர்த் தொட்டியைத் திறந்து கிளாம்பைப் பாருங்கள், பெட்டியில் திருகுகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள். கேபிள் தடத்தை எந்த மரத்திலிருந்து எத்தனை அடி என்று குறித்துப் படம் போட்டு, மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். தோப்பில் யார் பள்ளம் தோண்ட வந்தாலும் முதலில் அதைக் காட்டுங்கள்.